இளையோர்க்கு வழித்துணை

ஆங்கிலத்திலே 'மென்ரர்' என வழங்கும் சொல் முதலிற் பொதுப்பெயராக இருந்ததன்று. அது ஒருவனுடைய இயற்பெயர். ஓமர் பாடிய 'ஒடிசி' என்னும் கிரேக்க காவியத்திலே, திரோய் நகரப் போருக்குப் புறப்பட்ட ஒடிசியசு மன்னன் தன் இல்லத்தைப் பாதுகாக்கும் பொறுப்பை மென்ரர் என்னும் நண்பனிடம் ஒப்படைத்துச் சென்றான். அவன் மீண்டுவர 20 ஆண்டுகள் கழிந்தன. கைக்குழந்தையாக விடப்பட்ட மகன் தெலமாக்கசு தந்தையின் முகமறியாது வளர்ந்து இளைஞனானான். அரசியை மணக்க விரும்பி வந்தோர் அவ்வில்லத்துச் செல்வத்தையெல்லாம் உண்டு அழித்தனர். மென்ரர் அவையிலே கண்டித்துப் பேசினானேயன்றி, அவர்களைத் தடுக்க அவனால் இயலவில்லை. இளைஞனுக்கு ஊக்கமூட்டியதும், அவனோடு கப்பலேறிச் சென்றதும் மென்ரரின் உருவிலே தோன்றிய அதீனா என்னும் தெய்வமே. 1699 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துப் பெனலோன் என்னும் குருவானவர் இக்கதையை விரித்து எழுதி, மென்ரரை இளவரசனுக்கு அறிவு புகட்டும் ஆசானாக்கிய பின்னரே அப்பெயர் ஒரு பதவியின் பெயராகப் பரவியது. மூலக்கதையின் மென்ரரிடம் நல்லெண்ணம் இருந்தது. பயன் குறைவாக இருந்தது. இவ்வேறுபாடு பின்னர் ஆராயப்படும் பொருளுக்குப் பெரிதும் பொருந்துவதாகும்.

ஈண்டு அச்சொல்லுக்கு ஈடாக வழித்துணைவர் என்னும் சொல் வழங்கப்படும். வயதில் மூத்த ஒருவர், உறவினரல்லாத ஓர் இளைஞனையோ சிறுமியையோ ஊதியம் எதுவும் பெறாது குறித்த கால இடைவெளியிலே சந்தித்து, நெடுங்காலம் நட்புப் பூண்டு ஒழுகுதலே இத்தொண்டின் இயல்பாம். ஆசிரியருக்குப் பாடத்திட்டம் உண்டு. நாற்பது மாணவரை ஒருசேர நோக்கவேண்டிய கடமையும் உண்டு. பெற்றோருக்கு உரிமையும் அதிகாரமும் உண்டு. வழித்துணைவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பரீட்சை வைக்கவோ, தண்டிக்கவோ, பரிசு வழங்கவோ அவர் வருவதில்லை. அவர் கொடுக்கக்கூடியது தம் நேரம் ஒன்றே. இதனால் இத்தொண்டு மிக எளிதென்றும், நன்மனம் உடையார் எவரும் ஓய்வு கிடைத்தபோது செய்யத்தக்கதென்றும் தோன்றும். இக்கருத்து எவ்வளவு உண்மை என்பதைச் சென்ற நூற்றாண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த சில முயற்சிகளும், அவற்றை அளந்தறிந்த ஆராய்ச்சிகளும் தெளிவாக்குகின்றன.

நியூ யோர்க் நகரிலே 1902 இல் சிறுவர் வழக்குகளை விசாரிப்பதற்கெனத் தனி நீதிமன்று அமைந்தது. அம்மன்றிலே எழுதுவினைஞராகக் கடமையாற்றிய ஏர்னெஸ்ற் கூல்ரர் என்பார், நாள்தோறும் கூண்டில் வந்து நின்ற சிறுவரைக் கண்டார். அவர்களுட் பெரும்பாலோர் கொடியோரல்லர். வீட்டிலும் வீதியிலும் கேட்பாரற்று விடப்பட்டோர். நீதிமன்று அவர்களைச் சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்பலாம். அல்லது எச்சரித்து விடுவிக்கலாம். விடுவிக்கப்பட்ட சிறுவன் மறுநாட் காலையில் எவரிடம் செல்வான் என்னும் வினாவுக்குச் சட்டத்திலே விடை இருக்கவில்லை. 1904 டிசம்பரிலே அந்நகரத்துத் தேவாலயம் ஒன்றைச் சார்ந்த ஆடவர் கழகத்திற் கூல்ரர் உரையாற்றினார். பணம் திரட்டித் தருமாறு அவர் கேட்கவில்லை. ஒருவர் ஒரு சிறுவனுக்கு மட்டும் நண்பராகட்டும் என்று கேட்டார். நாற்பதின்மர் அளவில் அவ்விடத்திலேயே முன்வந்தனர்.

'பெரிய அண்ணன்மார்' என்னும் பெயரால் அறியப்பட்ட இயக்கத்தின் தொடக்கம் இதுவே. பெண்பிள்ளைகளுக்கு வழித்துணையாகப் 'பெரிய அக்காமார்' அமைப்புக்களும் அக்காலத்திலேயே தோன்றின. இருவகைத் தேசிய அமைப்புக்களும் 1977 இல் ஒன்றிணைந்தன. பெயரிலே 'ஆசான்' என்றோ 'காப்பாளர்' என்றோ கூறாது, உறவுமுறையால் அழைத்தமை கருதத்தக்கது. தமிழ் வழங்கும் இடங்களில் அறியாதாரையும் 'அண்ணை' என்றும் 'அக்கா' என்றும் அழைக்கும் வழக்கம் இயல்பாயிருத்தலின் இதன் புதுமை இங்குள்ளார்க்குப் புலப்படாது. அயலவரைப் பெயர்சொல்லி அழைக்கும் ஆங்கில வழக்கிலே அது துணிவான செயலாகும். அண்ணன் என்று சொல்லிக்கொண்டவன் இடையிலே விலகிப் போதல் எளிதன்று. அப்பெயர் விதித்த கடப்பாட்டை எல்லாருமே உணர்ந்து ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது.

இம்முயற்சி பயன் தருமென்று முப்பது ஆண்டுகளாக எல்லாரும் நம்பினர். எவரும் அளந்து பார்க்கவில்லை. அளக்க முற்பட்டவர் றிச்சார்ட் காபொட் என்னும் மருத்துவர். ஹாவாட் பல்கலைக்கழகத்திலே மருத்துவமும் சமூக ஒழுக்கவியலும் கற்பித்த இவர், மருந்தைச் சோதிப்பதுபோல் நட்பையும் சோதிக்கலாம் என எண்ணினார். பொஸ்ரன் நகரை அடுத்த கேம்பிறிட்ச், சமர்வில் என்னும் ஊர்களிலே தெரிந்தெடுக்கப்பட்ட சிறுவர்கள், வயது, குடும்பநிலை, குணம், வாழும் அயல் ஆகியவற்றால் ஒத்த இருவர் இருவராகச் சோடி சேர்க்கப்பட்டனர். ஒவ்வொரு சோடியிலும் உதவி பெறுபவன் யார் என்பது நாணயத்தைச் சுண்டித் தீர்மானிக்கப்பட்டது. மற்றவன் ஒப்புநோக்குதற்காக விடப்பட்டான். வேலை தொடங்கிய 1939 ஆம் ஆண்டிலேயே காபொட் காலமானார். முடிவைக் காண அவர் இருக்கவில்லை.

உதவி பெற்ற சிறுவரின் வீடுகளுக்கு ஆலோசகர்கள் சராசரியாக மாதம் இருமுறை, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சென்றனர். இவர்கள் ஊதியம் பெற்றோர். ஆயினும் சிறுவனுக்கு நண்பராக நடத்தலே அவர்களுக்கு இடப்பட்ட பணி. படிப்பிற் பின்தங்கியோர்க்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்கப்பட்டது. நோயுற்றோர் வைத்தியரிடம் அனுப்பப்பட்டனர். பலர் கோடைகாலப் பாசறைகளுக்குச் செல்ல வசதி செய்யப்பட்டது. 1945 இல் வேலை முடிவுற்றபோது ஒப்புநோக்கக் கிடைத்தோர் 253 சோடிகள், அஃதாவது 506 பேர். 1951 இல் வெளிவந்த ஆராய்ச்சி நூல் இரு சாராரிடையும் குற்றச் செயல்களிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கூறியது. நன்மை தோன்றக் காலம் செல்லும் எனப் பலர் ஆறுதல் கொண்டனர்.

காலமும் சென்றது. ஜோன் மக்கோர்ட் என்னும் பெண் ஆராய்ச்சியாளர் அவ்விளைஞரை முப்பது ஆண்டுகளின் பின் தேடிக் கண்டறிந்து, 1978 இல் தம் முடிபை வெளியிட்டார். அவர் கண்டது எவரும் எதிர்பாராத ஒன்று. உதவி பெற்றோரில் மூன்றில் இரு பங்கினர் அளவில் அவ்வுதவி தமக்கு நன்மை பயந்தது என்றே கூறினர். ஆலோசகரின் பெயரை அன்போடு நினைவு கூர்ந்தோரும் இருந்தனர். ஆனால் நீதிமன்ற, வைத்தியசாலை, மரணப் பதிவேடுகள் வேறு கதை சொல்லின. ஒருமுறைக்கு மேற் குற்றம் புரிந்தோரும், மதுப்பழக்கத்துக்கு அடிமையானோரும், மனநோய்க்கு ஆளானோரும், இளவயதில் இறந்தோரும் உதவி பெற்றோரிடையேதான் கூடுதலாயிருந்தனர். நாணயம் மறுபுறம் விழுந்தமையால் உதவியின்றி விடப்பட்டோர் ஓரளவு மேலான வாழ்வு வாழ்ந்தனர்.

இம்முடிபு தொண்டு செய்வார்க்குக் கசப்பானது. ஆயினும் இதனை ஒதுக்கிவிட்டு இத்துறையைப் பற்றிப் பேசுதல் நேர்மையாகாது. காரணம் என்ன? மக்கோர்ட் சில ஊகங்களை முன்வைத்தார். வெளியார் ஒருவரின் துணையை நம்பப் பழகிய சிறுவன், அத்துணை நீங்கியபோது தன் காலில் நிற்க இயலாது போயிருக்கலாம். தன் குடும்பத்தின் நெறியும் ஆலோசகரின் நெறியும் மாறுபட்டமையால் அவன் இடருற்றிருக்கலாம். உயர்ந்த எதிர்பார்ப்புக்கள் எழுப்பப்பட்டு, அவை நிறைவேறாத விடத்து ஏமாற்றம் மிகுந்திருக்கலாம். போர்க்காலத்திலே ஆலோசகர் பலர் படைக்கும் பிற பணிகளுக்கும் சென்றதனால், ஒரே சிறுவன் ஒருவர்பின் ஒருவராகப் பலரைக் காண நேர்ந்தமையும் மறக்கத்தக்கதன்று. 1999 இல் மக்கோர்ட்டும் வேறிருவரும் பதிவேடுகளை மறுபடி ஆராய்ந்தபோது இன்னொரு செய்தி வெளிப்பட்டது. தீமை பெரும்பாலும், கோடைகாலப் பாசறைக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்ட சிறுவரிடையே குவிந்திருந்தது. அங்கே அவர்கள் தம்மொத்த வயதுடைய குறும்பரோடு கூடித் தத்தம் குறும்புகளைப் பெருமையாகப் பேசிப் பழகினர் எனக் கருதப்படுகின்றது. மூத்தவர் ஒருவரின் தனித்துணைக்கு ஈடாகச் சிறுவர் கூட்டத்தை வைத்தல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வளவு கசப்பின் பின்னும் பெரிய அண்ணன்மார் இயக்கம் நின்றுவிடவில்லை. அதன் உண்மைப் பயனை அறியும் பெரிய ஆராய்ச்சி 1990 களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. ஜீன் குறொஸ்மனும் ஜோசப் ரியர்னியும் அவரோடொத்தாரும் எட்டு நகரங்களின் கிளைகளிலே, வழித்துணை வேண்டி விண்ணப்பித்த 10 முதல் 16 வயது வரையான இளையோரை, குலுக்கல் முறையால் இரு கூறாக்கினர். ஒரு கூற்றினர்க்கு உடனே துணைவர் தேடப்பட்டனர். மற்றோர் 18 மாதம் காத்திருந்தனர். காத்திருப்புப் பட்டியல் வழக்கமாகவே நீண்டிருந்தமையால், எவர்க்கும் கிடைக்கவேண்டியது இதனால் மறுக்கப்படவில்லை. இறுதியில் விசாரிக்கப்பட்டோர் 959 பேர். துணைவர் பெற்றோர் மாதத்துக்கு மூன்று முறையளவிலே, முறைக்கு மூன்று நான்கு மணி நேரம், ஏறக்குறைய ஓராண்டு காலம் அவர்களைச் சந்தித்திருந்தனர்.

காத்திருந்தோரோடு ஒப்பிடுகையில், துணைவரைப் பெற்றோர் போதைப்பொருளைப் புதிதாகத் தொடுதல் 46 சதவீதமும், மதுவைப் புதிதாகத் தொடுதல் 27 சதவீதமும் குறைந்திருந்தன. அவர்கள் பாடசாலைக்குச் செல்லாது ஒளித்த நாட்கள் பாதியளவாயின. பிறரை அடித்தலும் மூன்றிலொரு பங்கு குறைந்தது. 46 சதவீதம் என்பதை நூற்றுக்கு 46 இளைஞர் காப்பாற்றப்பட்டனர் என்று பொருள் கொள்ளலாகாது. அப்பழக்கத்தைத் தொடங்குவோர் எப்படியும் சிலரே. அச்சிலருடைய தொகை பாதிக்கு அண்மையாகக் குறைந்தது என்பதே கருத்து. அன்றியும், வழித்துணை பெற்றோர் யாவரும் முன்னிருந்ததினும் உயர்ந்துவிட்டனர் என்பதுமில்லை. கட்டிளமைப் பருவத்திலே படிப்பில் ஊக்கமும் பெற்றோரிடத்து நம்பிக்கையும் பொதுவாகத் தளர்வனவே. துணைவர் பெற்றோரிடத்து அத்தளர்ச்சி மெதுவாக நிகழ்ந்தது. விளம்பரங்களிலே இவ்வுண்மை வெளிப்படுவதில்லை. எனினும் மெய்ப்பயன் இதுவே. பிற்காலத்திலே பல்வேறு நாடுகளிலும் நிகழ்ந்த ஆராய்ச்சிகளை ஒருங்கு நோக்கியோரும், இத்தொண்டின் பயன் உண்மையானது, ஆனால் அடக்கமானது என்றே கூறியுள்ளனர்.

மேற்கூறிய எண்கள் சராசரிகள். சராசரிக்குள் ஒளிந்திருந்ததை 2002 இல் குறொஸ்மனும் ஜீன் றோட்சும் வெளிக்கொணர்ந்தனர். அதே இளையோரை, நட்பு நீடித்த கால அளவினால் அவர்கள் வகுத்து நோக்கினர். ஓராண்டும் அதற்கு மேலும் துணைவரோடு பழகியோரிடமே நன்மைகள் மிகுதியாகக் காணப்பட்டன. ஆறு மாதத்திற்கும் ஓராண்டிற்கும் இடையில் முடிந்தவற்றிலே நன்மை சுருங்கியது. மூன்று மாதத்துக்குள் முறிந்த நட்புக்களிலோ இளையோரின் தன்மதிப்பும், படிப்பிலே தமக்கு ஆற்றலுண்டென்னும் நம்பிக்கையும் முன்னிருந்ததினும் வீழ்ந்திருந்தன. துணைவரே கிடைக்காது காத்திருந்தவன், துணைவர் வந்து விலகியவனினும் நல்ல நிலையில் இருந்தான்.

இதனை உணர்தல் அரிதன்று. இத்தொண்டினை நாடி வருவோரிற் பலர் ஏற்கெனவே ஒருவரை இழந்தவர்கள். தந்தை பிரிந்து சென்றிருப்பார், அல்லது இறந்திருப்பார், அல்லது வீட்டிலிருந்தும் பேசாதிருப்பார். அத்தகைய சிறுவன் புதியவரை எளிதில் நம்பான். முதற் சில சந்திப்புக்களிலே பேசாதிருப்பான். குறித்த நேரத்துக்கு வாரான். வந்தாலும் வேண்டாவெறுப்பாக நடப்பான். அவன் சோதிக்கின்றான் என்பதைப் புதிய தொண்டர் அறியார். 'இவனுக்கு நான் தேவையில்லை' எனக் கருதி அவர் விலகுவார். சிறுவனோ, தான் எதிர்பார்த்ததே நடந்தது என்று முடிவு செய்வான். பெரியோர் விலகிப் போவதற்குக் காரணம் தன் குறையே எனப் பிள்ளைகள் எண்ணுவது இயல்பாதலின், தொண்டருக்குச் சிறிய சங்கடமாயிருந்தது பிள்ளைக்குத் தன்னைப்பற்றிய தீர்ப்பாகிவிடுகின்றது.

எவருடைய நட்பு விரைவில் முறிகின்றது என்பதையும் அவ்வாராய்ச்சி காட்டிற்று. அடியும் பிற கொடுமைகளும் அனுபவித்த இளையோரின் நட்புக்கள் விரைவில் முறிந்தன. தொண்டர் பக்கத்திலே, 26 முதல் 30 வயது வரையான மணமானோரும், வருவாய் குறைந்தோரும் இடையில் விலகுதல் மிகுதி. இவர்கள் மனத்திற் குறையுடையோர் அல்லர். புதிதாக மணமுடித்துக் குழந்தையும் தொழிலுமாகத் தத்தளிக்கும் வயதிலே வாரம் நாலு மணி நேரம் ஒதுக்குவது எண்ணிப் பார்த்ததினும் கடினமாகின்றது. மிகுந்த ஆர்வத்தோடு முன்வரும் பருவமும், மிக எளிதில் இடையூறு நேரும் பருவமும் ஒன்றாயிருத்தல் இத்தொண்டின் இக்கட்டுக்களுள் ஒன்று. ஆதலின் ஒழுங்கான நிறுவனங்கள், விண்ணப்பிப்போரை நோக்கி 'உமக்குப் பிள்ளைகளிடத்து அன்புண்டா?' என்று வினவுவதோடு நிற்பதில்லை. ஓராண்டுக்குள் ஊர் மாறும் எண்ணம் உண்டா, வேலை மாறுமா, திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளதா என்றெல்லாம் வினவுகின்றன. அன்புண்டு என எவரும் சொல்வர். இவ்வினாக்களுக்கு விடை சொல்லும்போது சிலர் தாமாகவே பின்வாங்குவர். அவ்வாறு பின்வாங்கியோர் ஒரு பிள்ளைக்கு நன்மை செய்தோராவர்.

நீடிக்கும் நட்பு எவ்வாறு அமைகின்றது என்னும் வினாவுக்கு, 1995 இல் மொறோவும் ஸ்ரைல்சும் வெளியிட்ட ஆராய்ச்சி விடை தருகின்றது. இவர்கள் 82 சோடிகளை உசாவி, துணைவர் நடந்துகொள்ளும் முறையை இருவகைப்படுத்தினர். ஒரு வகையினர் தொடக்கத்திலேயே இலக்கு வகுத்துக்கொண்டு வந்தோர்: இவனுடைய புள்ளிகளை உயர்த்தவேண்டும், இவளுடைய ஒழுக்கத்தைத் திருத்தவேண்டும் என்னும் நோக்கத்தினர். சந்திப்பிலே என்ன செய்வது என்பதையும் அவர்களே தீர்மானித்தனர். மற்ற வகையினர், பிள்ளைக்கு விருப்பமானது எது எனக் கேட்டு அதனைச் செய்தனர். பந்து விளையாடினர், மீன் பிடித்தனர், சமைத்தனர். பாடத்தைப் பற்றிய பேச்சைப் பிள்ளையே எடுக்கும்வரை காத்திருந்தனர். முதல் வகையினரின் நட்புக்களுட் பெரும்பாலானவை சில மாதங்களில் முறிந்தன. இரண்டாம் வகையினரின் நட்புக்களுட் பெரும்பாலானவை நிலைத்தன. காலப்போக்கிலே படிப்பைப் பற்றியும், வீட்டுத் துன்பத்தைப் பற்றியும் பேச்சு எழுந்ததும் அவர்களிடையேதான்.

ஆசிரியத் தொழிலிற் பழகியோர்க்கு இது பொறுத்தற்கரியதாக இருக்கும். அரைநாள் முழுவதும் பட்டம் ஏற்றிவிட்டு, இதனால் அவன் கணிதத்தில் என்ன முன்னேறினான் எனக் கேட்கத் தோன்றும். அக்கேள்வி பிழையானதன்று, ஆயினும் கேட்கும் காலம் அதுவன்று. மற்றொரு செய்தியும் இங்கே குறிப்பிடத்தக்கது. 2000 இல் வெளியான ஆய்வொன்றின்படி, துணைவரைப் பெற்ற பிள்ளைகளின் படிப்பிலே கண்ட முன்னேற்றம் பெரும்பாலும் நேரே வந்ததன்று. அவர்கள் தம் பெற்றோரோடு கொண்ட உறவு சீர்ப்பட்டதன் வழியாக வந்தது. வெளியார் ஒருவர் நுழைவதனாற் பெற்றோரின் இடம் பறிபோகும் என்னும் அச்சம் பொதுவாக உண்டு. நடந்தது அதற்கு மறுதலை. மூத்தவர் ஒருவரோடு சண்டையின்றிப் பேசக் கற்ற பிள்ளை, வீட்டிலுள்ள மூத்தோரோடும் பேசத் தொடங்கியது. தாயின் மேலிருந்த சுமை ஒரு பிற்பகற்பொழுதேனும் குறைந்தமையால் தாய்க்கும் பொறுமை உண்டாயிருக்கலாம். தாய் தந்தையரை மதியாது, பிள்ளையின் பக்கம் நின்று அவர்களைக் குறைகூறும் துணைவர் இந்நன்மையைத் தம் கையாலேயே கெடுத்துவிடுவர்.

பாடசாலைக்குள்ளேயே இத்தொண்டை நடத்தினால் என்ன என்பது பலர் மனத்தில் எழும் எண்ணம். இடம் உண்டு, பாதுகாப்பு உண்டு, பிள்ளையைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. அமெரிக்காவிலும் இம்முறை விரைவாகப் பரவியது. கார்லா ஹெரேராவும் பிறரும் பத்து நகரங்களில் 1139 மாணவரை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட முடிபுகளின்படி, முதலாம் பாடசாலையாண்டின் இறுதியில் மாணவரின் பாடத்தேர்ச்சியிலே சிறு முன்னேற்றம் இருந்தது. அடுத்த ஆண்டில் அம்முன்னேற்றத்திற் பெரும்பகுதி மறைந்துவிட்டது. சந்திப்பு தவணையோடு தொடங்கித் தவணையோடு முடிந்தது. நீண்ட விடுமுறையிலே தொடர்பு அறுந்தது. விடுமுறைக்குப் பின் பல துணைவர் திரும்பி வரவில்லை. பழைய மாணவர் சங்கங்களும் கல்லூரிகளும் இத்தகைய திட்டங்களை வகுக்கும்போது பாடசாலை நாட்காட்டியை அப்படியே கைக்கொள்ளுதல் இயல்பு. பிள்ளையின் வாழ்க்கையோ தவணை விடுமுறையில் நின்றுவிடுவதில்லை. விடுமுறையில் ஒரு கடிதமோ, தொலைபேசியில் இரண்டு வார்த்தையோ அவ்விடைவெளியை நிரப்பும்.

இத்துணை ஒழுங்குகளும் இன்றித் தானாக அமையும் துணையே சிறந்தது என்பாரும் உளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கௌவாயிலே 1955 இற் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்ணர் என்பாரும் அவர் துணைவரும் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பப் பிணக்கு, பெற்றோரின் நோய் முதலிய பல இடர்களிடையே பிறந்த பிள்ளைகளுள் மூன்றிலொரு பங்கினர், எதிர்பார்ப்புக்கு மாறாக, திறமையும் பரிவும் உடைய இளைஞராக வளர்ந்தனர். அவர்களுடைய வாழ்க்கையிலே மீண்டும் மீண்டும் காணப்பட்ட ஒன்று, பெற்றோரல்லாத ஒரு பெரியவரின் நிலையான அன்பு. அப்பெரியவர் சிலர்க்குப் பாட்டி, சிலர்க்கு அயலவர், சிலர்க்கு ஆசிரியர். இவர்களை எந்நிறுவனமும் நியமிக்கவில்லை. அவர்கள் அவ்வூரிலேயே இருந்தார்கள், நாளையும் இருப்பார்கள்.

இவ்வுண்மையைக் கண்டு புதிய முறையொன்று வகுக்கப்பட்டது. பாடசாலையை இடையில் விட்ட 16 முதல் 18 வயது வரையான இளைஞர்க்கென 1993 முதல் அமெரிக்கத் தேசியக் காவற்படை நடத்திவரும் பயிற்சியிலே, 22 வாரம் தங்கியிருந்து பயின்று ஊர் திரும்புவோர் தம் வழித்துணைவரைத் தாமே பெயர் குறித்துக் கேட்கின்றனர். முன்பு கற்பித்த ஆசிரியர், தாயின் நண்பர், தேவாலயத்திற் கண்ட பெரியவர் என அறிமுகமான ஒருவரையே அவர்கள் கேட்பர். நிறுவனம் அவரைத் தீர விசாரித்துப் பயிற்சி அளிக்கின்றது. 2013 இல் வெளியான ஆய்விலே, மூன்றாண்டுகளுக்குப் பின்னரும் பாதிக்கு மேற்பட்டோர் தம் துணைவரோடு தொடர்பு கொண்டிருந்தமை தெரியவந்தது. பிறர் தெரிந்து கொடுத்தவரினும், தானே தேடிக்கொண்டவரோடு இளைஞன் நெடுநாள் பழகினான். வழித்துணையை வேண்டிப் பெறும் ஆற்றலும் கற்பிக்கத்தக்கதே என்பது இதனாற் புலப்படும்.

தானே தெரிந்துகொண்டவராயினும், நிறுவனம் தெரிந்தவராயினும், விசாரணையின்றி எவரையும் ஒரு பிள்ளையோடு தனித்து விடலாகாது. பிள்ளைகளை நாடும் தீயோர் இத்தகைய தொண்டுகளையே நாடி வருவர் என்பது பல நாடுகளின் துயர அனுபவம். ஆதலினால், பொலிஸ் பதிவு நோக்குதல், அறிந்தோரிடம் சான்று பெறுதல், வீட்டுக்குச் சென்று காணுதல், தொடக்க மாதங்களில் வெளியிடங்களில் மட்டும் சந்திக்க விதித்தல் ஆகியன கைக்கொள்ளப்படுகின்றன. ஊழியர் ஒருவர் மாதந்தோறும் துணைவரையும், பெற்றோரையும், பிள்ளையையும் வெவ்வேறாக விசாரிக்கின்றார். பிள்ளையைத் தனித்து விசாரித்தல் இவற்றுள் முக்கியமானது. நல்லோர் இதனை அவமதிப்பாகக் கொள்வதில்லை. தளர்வுற்ற துணைவருக்கும் அவ்விசாரணை உதவியாகின்றது. 'பையன் மூன்று வாரமாகப் பேசவில்லை' எனச் சலித்தவரை, 'அவன் வீட்டிலே உம்மைப்பற்றியே பேசுகின்றான்' என்னும் ஒரு வார்த்தை நிறுத்திவைப்பதுண்டு.

எவ்வளவு கவனித்தாலும் சில நட்புக்கள் முடிய நேரும். தொழில் மாற்றம், நோய், குடும்பம் பெயர்தல் முதலியன எவர் கையிலும் உள்ளனவல்ல. அவ்வாறு நேரும்போது, கடிதத்தாலோ பிறர் வாயிலாகவோ அறிவிக்காது துணைவரே நேரிற் சென்று சொல்லவேண்டும் என்பது நல்ல நிறுவனங்களின் விதி. சில வாரம் முன்னரே சொல்லவேண்டும். காரணத்தைப் பிள்ளைக்கு விளங்கும் மொழியிலே, அது பிள்ளையின் பிழையன்று என்பது தெளிவாகும்படி சொல்லவேண்டும். மீண்டும் வருவேன் என்று, வர இயலாதவர் சொல்லலாகாது. கடைசிச் சந்திப்புக்கு நாள் குறிக்கப்படுகின்றது. அன்று எங்கே செல்வது, என்ன செய்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கின்றது.